வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும்.

தவமணி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில், வரவு பதியும் இயந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மறு கையிலிருந்த தொலைபேசியில் அவருடைய தங்கை புஷ்பம் பேசினார்.

"அக்கா போயிட்டாங்கண்ணே. விடியக்காலமே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரம் இருக்கல."

நான் "சரி" என்றேன். அந்த இடத்தில் சொல்லும் சொல் அதுவல்ல என்று தெரிந்தும், இரண்டாவது தடவையும் "சரி" என்றே சொன்னேன். இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை. காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், ஏற்றது. உள்ளே போய் அன்றைய வேலையைச் செய்தேன். வந்த சரக்கில் குறை பார்த்தேன், திருப்ப வேண்டியதைத் திருப்பினேன், மதியம் சோற்றுப் பார்சலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். எனக்குள் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். இதை எழுதும்வரை அது வரவில்லை.

கம்பளையில் பலருக்கு அவர் 'டிஸ்க் மிஸ்'. சந்தைக்குப் போகும் தெருவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து மக்களின் படங்களையும் கணக்குகளையும் மீட்டுக்கொடுத்தவர். அதற்கு முன்னர் அவர் கண்டிக்கு அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார் என்பது அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அவரை அறிந்தவர்களுக்கோ அவரைப் பற்றி ஒரு பகிடி மட்டுமே தெரியும்.

அவரை எரித்து ஒரு வாரம் ஆகுமுன் எங்கள் துறையின் பழைய மாணவர்களுடைய இணையப் பக்கத்தில் அந்தப் பகிடி மறுபடி வந்தது. ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியர் நினைவுக் குறிப்பு என்ற பெயரில் அதை எழுதியிருந்தார். தவமணி அக்காவின் கூந்தலைப் பற்றி, அது தமது ஆராய்ச்சியைக் கெடுத்த விதம் பற்றி, மிகுந்த நகைச்சுவையோடு எழுதியிருந்தார். கீழே பலர் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள், ஒரு மரண அறிவித்தலின் கீழே. நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவர்களில் இப்போது எஞ்சியிருப்பது அவரும் நானும்தான். அவர் சொல்லிவிட்டார்.

தவமணி அக்கா தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைச் சுருட்டும் ரோலரில் வேலை செய்தவர். அந்த ரோலரின் அடித்தட்டில் பித்தளைப் பட்டிகள் இருக்கும், அவை தேய்ந்துவிட்டால் கொழுந்து சுருளாமல் கிழியும். "தேய்மானம்னா என்னான்னு எனக்குப் புத்தகம் சொல்லித் தரல தம்பி," என்று ஒருமுறை சொன்னார். "எங்கப்பா அதத் தெனமும் திட்டிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவாரு. கொஞ்ச நாள் அது யாரோ ஒரு சூப்பவைசர் பேருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கண்டியில் பிறந்தவன். அவர் என்னிலும் ஒரு வகுப்பு மேல். பல்கலைக்கழக வழக்கப்படி அதனால் அவர் அக்கா, நான் தம்பி. வேலையில் இருவரும் ஒரே தரம், ஒரே சம்பளம். என் பேச்சை அவர் விட்டுவைத்ததில்லை. "ஓம் ஓம்னு தலையாட்டுவீங்க. அப்புறம் ஒண்ணும் செய்ய மாட்டீங்க. எங்க ஊர்ல மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஹார்ட் டிஸ்க் செய்யும் வெளிநாட்டு நிறுவனமொன்று, ஈரமான நாடுகளில் தன்னுடைய தட்டுகள் ஏன் சீக்கிரம் தேய்கின்றன என்று அறிய விரும்பியது. பேராசிரியர் அதற்கு எழுதிய விண்ணப்பத்தில் கண்டியில் ஈரம் இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியால்தான் வேலை எங்களுக்குக் கிடைத்தது என்று அவர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கினுள் கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு தட்டு சுழல்கிறது. அதன்மேல் வாசிக்கும் முனை ஒன்று நிற்கிறது. தட்டு வேகமாகச் சுழலும்வரை முனை அதைத் தொடுவதில்லை, சுழற்சியில் எழும் காற்றின்மேல் மிதக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் முனை இறங்கித் தட்டில் உட்காரும். அந்தக் காலத்து டிஸ்க்குகள் அப்படித்தான். மறுபடி போட்டால், மிதக்கும் வேகம் வரும்வரை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் கொஞ்சம் தேயும். தேயாமல் இருக்கத் தட்டின்மேல் கரியாலான கடினமான ஒரு படை பூசுவார்கள், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய எண்ணெய். தட்டைச் சொரசொரப்பாக விட்டால் முனை அதைச் சுரண்டும். மிக வழுவழுப்பாகத் தேய்த்தால், ஈரத்தில் முனை தட்டோடு ஒட்டிக்கொண்டு சுழலவே விடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

தட்டை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி, சுழலவைத்து நிறுத்துவோம். மறுபடி சுழலவைத்து நிறுத்துவோம். இயந்திரம் அதை ஓயாமல் செய்யும், நாங்கள் உராய்வை அளப்போம். நிறுவனம் இரண்டு வகை எண்ணெய் பூசிய தட்டுகளை அனுப்பியிருந்தது, பழையதும் புதியதும். பழைய எண்ணெய்த் தட்டுகளை மற்ற வார நாட்களில் ஓடவிடுவது என்றும், புதியவற்றை வெள்ளிக்கிழமை மாட்டிச் சனி ஞாயிறு முழுவதும் ஓடவிடுவது என்றும் பேராசிரியர் தீர்மானித்தார். வார நாட்களில் நான் மாட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு முதலாம் வருட மாணவர்களுக்குப் பாடம் இருந்ததால் தவமணி அக்கா மாட்டினார்.

அவருக்கு நிறையக் கூந்தல். ஆய்வு அறையில் தூசி விழாமல் போடும் துணித் தொப்பிக்குள் அது அடங்காது, முன்னால் தள்ளினால் பின்னால் வரும். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் வைத்து முழுகி, சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்திவிட்டு வருவார். அந்த நாட்களில் அறை முழுவதும் அதன் மணம் இருக்கும். நான் அதை உணராமல் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான் மணக்கும் என்று இருந்துவிட்டேன், எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான். பேராசிரியரின் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். வேறொரு நாட்டு ஆய்வுகூடத்தில் யாராவது முதல் நாளே மூக்கைச் சுளித்து, இதென்ன வாசம் என்று கேட்டிருப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அது வாசமாகவே படவில்லை.

வெள்ளிக்கிழமைத் தட்டுகள் தேயவில்லை. தேயவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மற்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. பேராசிரியர் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு துறை முழுவதும் நடந்தார். "பாத்தீரே, இந்த ஈரத்துக்குள்ளயும் நிண்டு பிடிக்குது. புது எண்ணெய்தான்." நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்றும், எங்களில் ஒருவரை அங்கேயே ஆராய்ச்சிக்கு எடுப்பார்கள் என்றும் சொன்னார். அந்த ஒருவர் நான். "பிள்ளையை அடுத்த முறை பாப்பம்," என்று தவமணி அக்காவின் முன்னிலையிலேயே சொன்னார். அவர் அதற்கு, "எனக்கு அங்கத்தக் குளிர் ஒத்துக்காது சேர்," என்றார். தெல்தோட்டைக் குளிரில் வளர்ந்தவர்.

பின்னர் அவருடைய தாய்மாமன் இறந்தார். துக்கம் காத்த நாட்களில் அவர் எண்ணெய் வைத்து முழுகவும் இல்லை, புகை போடவும் இல்லை. ஆனால் வேலைக்கு வந்தார், வெள்ளிக்கிழமைகளில் புது எண்ணெய்த் தட்டுகளை வழமைபோல் மாட்டினார். அவை மற்றத் தட்டுகளைப் போலவே தேய்ந்தன. மாட்டும்போது தூசி விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கலாம்," என்றார். அவர் அப்படி ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது உடன்பாடு அல்ல என்று நான் அறிந்திருக்க வேண்டும்.

அதன் பின்னர் அவர் செய்ததை, நிறுவனத்தின் ஆளுக்கு எங்கள் முடிவுகளை விளக்கிய கருத்தரங்கில்தான் நான் அறிந்தேன், மண்டபத்தில் இருந்த எல்லோரோடும் சேர்ந்து. துக்கம் முடிந்து முழுகிய நாளில், புகையில் உலர்த்திய தன் முடியிலிருந்து ஒரு கற்றையை வெட்டி, மூடியுள்ள ஒரு கண்ணாடிச் சாடிக்குள் பழைய எண்ணெய்த் தட்டோடு வைத்திருக்கிறார். இன்னொரு சாடியில் இன்னொரு பழைய எண்ணெய்த் தட்டை முடி இல்லாமல். முடியோடு இருந்த தட்டு தேயவில்லை. புது எண்ணெயின் சிறப்பு என்று நாங்கள் கொண்டாடியது பழைய எண்ணெய்க்கும் வந்துவிட்டது. அவர் அதோடும் விடவில்லை. கண்டிப் பெரஹரா திருவிழா விடுமுறையில் நாங்கள் எல்லோரும் போயிருந்தபோது, முனை இறங்கியபடியே அதே தட்டை ஓடாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தார். விடுமுறை முடிந்து போட்டபோது முனை ஒட்டிக்கொண்டிருந்தது, தட்டு அசையவில்லை.

கருத்தரங்கு நாளில் நிறுவனத்தின் ஆள் முன்வரிசையில் இருந்தார். நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், அதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. கேள்விகளுக்கு நேரம் வந்தபோது தவமணி அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"இந்த முடிவு பிழை," என்றார். "வெள்ளிக்கிழமைத் தட்டுகள் தேயாததற்குக் காரணம் புது எண்ணெய் அல்ல. காரணம் நான்."

பிறகு முழுகியதையும், புகை போட்டதையும், மாமன் இறந்ததையும், சாடிகளையும் வரிசையாகச் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை. தன் கூந்தலைப் பற்றி, வேறு யாருடையதோ போலப் பேசினார்.

பேராசிரியர் தமிழுக்கு மாறினார். "எண்டால் பிள்ளை, எங்கட ஆராய்ச்சி முழுக்க உம்மட கொண்டைக்குள்ளதான் இருந்திருக்கு."

தமிழ் விளங்கியவர்கள் சிரித்தார்கள். விளங்காதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார். பிறகு அவரும் தமிழில், அமைதியாகச் சொன்னார்: "ஆமாங்க சேர். அதத்தான் சொல்றேன். அத அப்புடியே விட்றக் கூடாது. அந்தப் பொகையில இருக்குற ஏதோ ஒண்ணு தட்டுல படிஞ்சு தேய விடாமப் பாத்துக்குது. ஆனா நிப்பாட்டி வச்சா ஒட்ட வச்சிருது. ரெண்டுக்கும் ஒரே சாமானா, வேற வேறயான்னு பாக்கணும். நாலு மாசம் குடுங்க."

"கொம்பனிக்கு என்னெண்டு எழுதுறது? டிஸ்க்குக்குச் சாம்பிராணி காட்டச் சொல்லியோ?"

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. வந்திருந்த வெளிநாட்டவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் புகையில் முடியை உலர்த்துவார் என்று கேட்டார், சாடியின் மூடி எதனாலானது என்று கேட்டார், எழுதிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். திட்டம் நீடிக்கப்படவில்லை. எனக்கிருந்த இடம் எனக்கும் இல்லை, ஒருவருக்கும் இல்லை.

மண்டபத்துக்கு வெளியே நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன் தம்பி."

"பிறகு?"

"முடியல."

அவ்வளவுதான். நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பேராசிரியர் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையில் நடந்தது ஒரே வரியில் இருந்தது: சூழலிலிருந்து மாசு கலந்ததால் முடிவுகள் கைவிடப்பட்டன. யார் கண்டுபிடித்தார், எப்படிக் கண்டுபிடித்தார் என்று இல்லை. தவமணி அக்காவின் பதவி புதுப்பிக்கப்படவில்லை. நிதி இல்லை என்றார்கள். அதே நிதியில் என் பதவி இன்னும் ஒரு வருடம் ஓடியது. புதிதாக வந்த மாணவர்கள்கூட ஒரு கணிப்பு தவறினால் "வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேட்டவர்களில் பலர் அவரைக் கண்டதே இல்லை. பேராசிரியர் பின்னர் வகித்த பதவிகளை எல்லோரும் அறிவார்கள், நான் அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு என் வீட்டுக் கணினியின் டிஸ்க் ஒருநாள் டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றது. கண்டியில் மூன்று கடைகளில் கைவிரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர், "கம்பளையில டிஸ்க் மிஸ்கிட்டக் காட்டுங்க," என்றார். யாரென்று தெரியாமல்தான் போனேன். படியேறி உள்ளே பார்த்தபோது அவர் இருந்தார். கூந்தலைக் கழுத்தோடு குட்டையாக வெட்டியிருந்தார்.

முன்னால் கதிரையில் அலவத்துகொடையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், காசிம் நானா என்று பெயர், டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"மிஸ், மகள்ட கலியாண வீடியோ முழுக்க இதுக்குள்ள. ஒங்களுக்குத்தான் இது ஏலும்."

"கொப்பி ஒண்ணு எடுத்து வைக்கலியா நானா?"

"எடுத்த மிஸ். ஏன் எடுக்காம. அதையும் இதுக்குள்ளயேதான் போட்ட."

தவமணி அக்கா என்னைப் பார்த்தார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அந்தப் பார்வைதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு காசிம் நானாவிடம் திரும்பினார். "ஒரே சட்டையில ரெண்டு பொக்கட்டு தச்சா பத்திரம்னு நெனச்சீங்களா நானா? சட்டையே தொலஞ்சா என்னா செய்றது?"

"சட்டைய நீங்க தேடித் தாங்க மிஸ். பொக்கட்ட நான் பாத்துக்குறன்."

"கரண்ட் போயிப் போயி வந்துச்சா?"

"எங்கட பக்கம் எப்ப மிஸ் போகாம இருந்த?"

"அப்ப சுவிட்ச ஓஃப் பண்ணிட்டு இருங்க. கரண்ட் நல்லா நெலையா வந்த பெறகு போடுங்க. ஓடிக்கிட்டிருக்கையில பெட்டியத் தூக்காதீங்க, தட்டாதீங்க. சன்னலுக்குக் கிட்ட வைக்காதீங்க, பனி எறங்கும். உள்ளுக்கு ஒரு முள்ளு இருக்கு நானா, அது தட்டுல ஒரசுனா ஒங்க மக கலியாணம் பவுடராப் போயிரும்."

காசிம் நானா போனபின் அக்கா எனக்குத் தேநீர் வருவித்தார். என் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார், திறந்து பார்க்கவேண்டும் என்றார். இப்போது வரும் டிஸ்க்குகளைப் பற்றிப் பேசினார். தட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சரிவு வைத்திருக்கிறார்கள், நிறுத்தும்போது முனை அதில் ஏறி நிற்கிறது, தட்டில் இறங்குவதே இல்லை.

"எப்புடித் தொட்டாத் தேயாதுன்னு நாம பாத்துக்கிட்டிருந்தோம்," என்றார். "அவங்க தொடவே வேணாம்னுட்டாங்க. அதுவும் சரிதான்."

"அந்தப் புகைக்கதையைப் பிறகு பாத்தீங்களோ?"

"என்னத்த வச்சிப் பாக்குறது தம்பி? அதுக்கு மிசின் வேணும். ஆனா ஒண்ணு. காத்துல இருக்குற ஆவி தட்டுல படியிறத இப்ப எல்லாரும் பெரிய விசயமாத்தான் எடுக்குறாங்க. ஒட்டுற பசை, சோப்பு, கைக்குப் பூசுற கிரீம், எல்லாத்தையும் பாக்குறாங்க." கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தான் மொதல்ல பாத்தேன்னு சொல்லல. நானும் பாத்தேன்."

படியிறங்கும்போது கேட்டார். "இன்னும் கோவமா?"

"இல்லை," என்றேன். அது உண்மையில்லை, அவருக்கும் தெரியும்.

என் டிஸ்க்கிலிருந்து அவரால் பாதியை மீட்க முடிந்தது. அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தொலைபேசியில் பேசினோம். தீபாவளிக்கு, பொங்கலுக்கு. பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

மரண வீட்டுக்கு நான் மறுநாள் போனேன். கம்பளையில் புஷ்பத்தின் வீட்டில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில், எல்லா மரண வீடுகளிலும்போல, சாம்பிராணி புகைந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தும் ஒன்றும் ஏற்படவில்லை. வெளியே வந்து பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். புஷ்பம் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுது முடித்திருந்தார்.

"அக்கா ஒங்களப் பத்தி ஒரு விசயம் சொல்லுவாங்கண்ணே. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்கோ."

"அந்தக் கூட்டத்துக்கு மொத நாள் அந்தியில ஒங்க போர்டிங்குக்கு வந்தாங்களாமே."

வந்தார். எனக்கு நினைவிருந்தது. நான் கருத்தரங்குக்காகப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன், அதைப் போட்டு அறைக்குள் நடந்து காட்டினேன். வெளிநாட்டில் போட இது போதுமோ என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி, தலைய மட்டும் ஒழுங்கா வாரிக்கங்க," என்றார். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. சும்மா வந்ததாக நினைத்தேன்.

"ஒங்ககிட்ட மொதல்ல சொல்லத்தான் வந்தாங்க," என்றார் புஷ்பம். "சப்பாத்தப் போட்டு நடந்தீங்கன்னு சொல்லிச் சொல்லி அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதாங்க. 'அவரு மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியல. எல்லாரும் இருக்கையில எந்திரிச்சா சொல்லிருவேன்'ன்னாங்க."

நான் தேநீரைக் குடித்தேன். இத்தனை வருடம் கோபம் இருந்த இடத்தை மனத்தால் தொட்டுப் பார்த்தேன். பல் பிடுங்கிய பின் ஊசி மருந்தில் மரத்துப்போன ஈறுபோல இருந்தது. அவர் எனக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். மரணம் என் கருத்தை மாற்றவில்லை. ஆனால் அது அவருக்கும் எனக்கும் இடையில் உள்ளது. அவர் அன்று எழுந்து நின்று சொன்னது சரியா பிழையா என்பது வேறு, அது சரி. அதைத்தான் இந்தப் பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தவமணி அக்காவின் கூந்தல் ஆராய்ச்சியைக் கெடுக்கவில்லை. எந்த எண்ணெயை எந்த நாளில் மாட்டுவது என்று பிரித்து வைத்த தீர்மானம் அதைக் கெடுத்தது, அந்தத் தீர்மானம் அவருடையதல்ல. பிழை இருக்கிறது என்று கண்டவர் அவர். ஒருவரும் கேளாமல் அதைச் சோதித்தவர் அவர். சோதித்தபின், அது தன் உடம்பிலிருந்து வந்தது என்று, தன்னைக் கேலி செய்யக்கூடிய ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து சொன்னவர் அவர். அவர் சொல்லாதிருந்தால் நானும் பேராசிரியரும் தவறான ஒரு முடிவோடு நன்றாக வாழ்ந்திருப்போம். அவரும் வாழ்ந்திருப்பார். பகிடியில் இந்தப் பகுதி இல்லை. பகிடி கொண்டையோடு முடிந்துவிடுகிறது.

எட்டாம் நாள் காரியம் முடிந்தபின் புஷ்பம் என்னைக் கடையைத் திறக்க உதவிக்குக் கூப்பிட்டார். ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நாங்கள் போகுமுன்பே படியில் ஆட்கள் நின்றார்கள். ஒரு தாதி, படம் பிடிக்கும் கடைக்காரர் ஒருவர், பேரனின் கைபிடித்து வந்த ஒரு முதியவர், தோட்டத்திலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள். மழை பெய்தது. ஒருவர் பின் ஒருவராக மேலே வந்து பெயரைச் சொன்னார்கள், நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். சிலருடையது சரிசெய்யப்பட்டிருந்தது, பலருடையது இல்லை. சரிசெய்யப்படாதவர்களும் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வேறு யாரிடம் கொண்டுபோவது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. முதியவர் மட்டும், "மிஸ் இதத் தொட்டாங்களா?" என்று கேட்டார். திருகாணிகளில் புதிய கீறல்கள் இருந்ததைக் காட்டி, "ஓம், திறந்து பாத்திருக்கிறா," என்றேன். "அப்ப சரி," என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் படியில் நின்றவர்களில் ஒருவருக்கும் அந்தப் பகிடி தெரியாது.

இதை இந்தப் பக்கத்தில், பேராசிரியருடைய குறிப்பின் கீழேயே இடுகிறேன். பெயர் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடுவதென்று தீர்மானித்துவிட்டேன். என் பெயரைப் போட்டால், வாசிப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்: இவனா, இவனுக்கு வெளிநாடு போகக் கிடைக்காத ஆத்திரம். அவர்கள் சொல்வது பொய்யுமல்ல. இந்த எழுத்து என்னுடைய வழக்காக மாறிவிடும், அவர் மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடுவார். பேராசிரியருக்கு எழுதியவர் யார் என்று விளங்கும். விளங்கட்டும்.

போய் வாருங்கள் அக்கா. உங்களுக்கு என்னால் அழ முடியவில்லை. நடந்ததை எழுத முடிந்தது. கீழே பெயர் இல்லை.